உறுப்பினர் பதிவேடும் இணையதள மென்பொருளும்

சங்கத்துக்கு ஓர் இணையதளம் வேண்டும் என்று செயற்குழு முடிவெடுத்ததும் முதலில் மேசைக்கு வருபவை வடிவமைப்புப் படங்கள்தான். முகப்புக்கு என்ன நிறம், தலைவரின் படம் எங்கே, விழாப் படங்கள் தானாக நகர வேண்டுமா என்று பேச்சு நீளும். தளம் எந்த மென்பொருளில் ஓடப்போகிறது என்பதை வடிவமைத்துத் தருபவரே முடிவு செய்துவிடுவார். செய்தித் தளத்துக்கும் கடைவிளம்பரத்துக்கும் இந்த வழி ஒத்துவரலாம். முன்னாள் மாணவர் சங்கம், மருத்துவர் அமைப்பு, வாசகர் வட்டம், குடியிருப்போர் நலச்சங்கம் என்று உறுப்பினர்களை வைத்து இயங்கும் அமைப்புகளுக்கு ஒத்துவராது. அவற்றின் தளம் எப்போதும் பதில் சொல்லத் தயாராக இருக்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இன்றைய தேதியில் யார் யார் உறுப்பினர்?

சட்டமும் இதைத்தான் கேட்கிறது. 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவான சங்கம் உறுப்பினர் பதிவேடு வைத்திருக்க வேண்டும். பொதுக்குழுவுக்கு யாருக்கு அழைப்பு, தேர்தலில் யாருக்கு வாக்கு, யாருடைய சந்தா நிலுவை என்பதெல்லாம் அந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான் தீர்மானமாகும். தளம் வந்த சில மாதங்களில் தடித்த நோட்டும் எக்செல் கோப்பும் ஓரங்கட்டப்பட்டு, பதிவேடு மென்பொருளுக்குள் போய்விடுகிறது. ஆகவே மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் செயற்குழு, பதிவேடு எங்கே, எந்த வடிவில், யார் பொறுப்பில் இருக்கும் என்பதையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறது. பெரும்பாலான செயற்குழுக்களுக்கு இது தெரிவதில்லை. தெரியும்போது சில ஆண்டுகள் ஓடியிருக்கும்.

இணையத்தின் தொடக்க ஆண்டுகளில் ஒவ்வொரு பக்கமும் தனித்தனிக் கோப்பு. அலுவலகத் தொலைபேசி எண் மாறினால் அத்தனை கோப்புகளையும் திறந்து திருத்த வேண்டும். எழுத்தையும் விவரங்களையும் தரவுத்தளத்தில் வைத்து, தோற்றத்தைத் தனி வார்ப்புருவாக வைத்து, வாசகர் கேட்கும் நொடியில் இரண்டையும் இணைத்துப் பக்கம் உருவாக்கித் தருவதுதான் உள்ளடக்க மேலாண்மை மென்பொருள்; தொழிலில் இருப்பவர்கள் சி.எம்.எஸ் என்பார்கள். பெல்ஜியத்தில் ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழக மாணவராக இருந்த ட்ரீஸ் பய்தார்ட் 2001-இல் ட்ரூபலை வெளியிட்டார். 2003 மே 27 அன்று மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் இருவரும் வேர்ட்பிரஸின் முதல் பதிப்பைக் கொண்டுவந்தார்கள். மாம்போ என்ற மென்பொருளிலிருந்து பிரிந்தவர்கள் 2005-இல் ஜூம்லாவைத் தொடங்கினார்கள். மூன்றும் பி.எச்.பி மொழியில் எழுதப்பட்ட கட்டற்ற மென்பொருள்கள்; காசு கொடுக்காமல் இறக்கி நிறுவலாம். இன்று உலகின் இணையதளங்களில் 40 சதவீதத்துக்கும் மேல் வேர்ட்பிரஸில் ஓடுகின்றன. எந்த ஊரிலும் அது தெரிந்த ஒருவர் கிடைப்பார் என்பது சிறிய சங்கங்களுக்குப் பெரிய பலம்.

இவற்றில் எதை எடுத்தாலும், எல்லோருக்கும் திறந்த தளத்துக்கும் உறுப்பினர் தளத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் முடிவெடுக்க முடியாது. அந்த வேறுபாடு இணையத்தின் அடிப்படையிலேயே தொடங்குகிறது.

பக்கங்களைக் கேட்டுப் பெறும் நெறிமுறையான எச்.டி.டி.பி-க்கு நினைவு கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்டோம், சர்வர் கொடுத்தது, அத்தோடு உறவு முடிந்தது. அடுத்த நொடியில் அதே ஆள் அடுத்த பக்கத்தைக் கேட்டாலும் சர்வருக்கு அவர் முன்பின் தெரியாதவர். 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் வேலை செய்த லூ மான்டுலி இதற்கு ஒரு வழி கண்டார். சர்வர் ஒரு சிறு அடையாளத்தை உலாவியிடம் கொடுத்து வைக்கும்; அதன்பின் ஒவ்வொரு முறையும் உலாவி அதைக் காட்டும். இதுதான் குக்கி. கோயில் வாசலில் செருப்பு வாங்கி வைப்பவர் நம் முகத்தை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. டோக்கன் எண்ணைப் பார்த்துத்தான் எடுத்துத் தருகிறார். சர்வர் செய்வதும் அதுவே. டோக்கன் இன்னொருவர் கைக்குப் போனால் செருப்பும் அவர் கைக்குப் போகும். அதனால்தான் உறுப்பினர் தளத்தின் ஒவ்வொரு பக்கமும், லாகின் பக்கம் மட்டுமின்றி, எச்.டி.டி.பி.எஸ் என்ற மறையாக்கம் செய்த வழியில் போக வேண்டும்.

லாகின் செய்த உறுப்பினருக்கு வரும் பக்கம் அவருக்கென்றே உருவாவது. மேலே அவர் பெயர், ஓரத்தில் அவருடைய சந்தா முடியும் தேதி, உள்ளே அவர் வகைக்கு உரிய கட்டுரைகள். திறந்த தளத்தில் அப்படி இல்லை. ஆயிரம் பேர் வந்தாலும் ஆயிரம் பேருக்கும் ஒரே பக்கம். அந்தப் பக்கத்தை ஒருமுறை உருவாக்கி எடுத்துவைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் அதன் நகலைக் கொடுத்துவிடலாம். இதைக் கேச்சிங் என்பார்கள். மலிவான ஹோஸ்டிங்கிலும் செய்தித் தளங்கள் தாக்குப்பிடிப்பது இதனால்தான். உறுப்பினர் தளத்தில் இந்த வசதி பெருமளவு பயன்படாது. ஒவ்வொரு கேள்விக்கும் தரவுத்தளத்தைத் திறந்து, ஆளை அறிந்து, உரிமையைச் சரிபார்த்து, பக்கத்தைப் புதிதாகக் கட்ட வேண்டும். சந்தா செலுத்தக் கடைசி நாளன்று சங்கத் தளம் படுத்துவிடுவதற்கு இதுவே வழக்கமான காரணம். சர்வருக்குச் செலவிடும் பணத்தை மொத்த உறுப்பினர் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடக் கூடாது. ஒரே நேரத்தில் எத்தனை பேர் லாகின் செய்வார்கள் என்பதை வைத்துக் கணக்கிட வேண்டும்.

கேச்சிங்கைத் தவறான இடத்தில் பயன்படுத்தினால் தளம் வேகமாகவே இருக்கும், ஆனால் ஒருவருடைய பக்கம் இன்னொருவருக்குப் போய்ச் சேரும். 2015 டிசம்பர் 25 அன்று ஸ்டீம் என்ற கணினி விளையாட்டு விற்பனைத் தளத்தில் இதுதான் நடந்தது. தாக்குதல் ஒன்றைச் சமாளிக்க அவசரமாகப் புகுத்திய கேச்சிங் அமைப்பு பிழையாகிப்போக, உறுப்பினர்களின் கணக்குப் பக்கங்கள் மற்றவர்களுக்குத் தெரிந்தன. சுமார் 34,000 பேரின் விவரங்கள் இப்படிப் போயிருக்கலாம் என்று அதை நடத்தும் வால்வ் நிறுவனமே அறிவித்தது. தளத்தை வேகமாக்கித் தருகிறேன் என்று ஒருவர் பிளகின் என்ற துணைநிரல் ஒன்றைச் சேர்க்கும்போது, லாகின் செய்தவர்களின் பக்கங்களை அது தொடுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது செயலாளரின் கடமை.

அடுத்தது உரிமை. யார் எதைப் பார்க்கலாம், யார் எதை மாற்றலாம் என்பதை ஆளுக்கு ஆள் எழுதிவைத்தால் நிர்வகிக்க முடியாது. அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனத்தில் இருந்த டேவிட் ஃபெரையோலோ, ரிச்சர்ட் கூன் இருவரும் 1992-இல் இதற்கொரு முறையை வகுத்துக் கொடுத்தார்கள். உரிமைகளை ஆட்களுக்குக் கொடுக்காமல் பொறுப்புகளுக்குக் கொடுப்பது; ஆட்களைப் பொறுப்புகளில் அமர்த்துவது. பொருளாளர் மாறினால் பழையவரை அந்தப் பொறுப்பிலிருந்து எடுத்துப் புதியவரை அமர்த்தினால் போதும். சங்கங்களின் விதிமுறைகள் தலைமுறைகளாக இப்படித்தான் எழுதப்பட்டு வருகின்றன என்பதால் இந்த முறை நமக்குப் புதிதாகத் தோன்றாது.

வேர்ட்பிரஸுடன் கூடவே வரும் பொறுப்புகள் ஐந்து: நிர்வாகி, பதிப்பாசிரியர், எழுத்தாளர், பங்களிப்பாளர், சந்தாதாரர். பெயர்களைப் பார்த்தாலே தெரியும், இது ஒரு பத்திரிகை அலுவலகத்தின் ஏற்பாடு. ஆயுள் உறுப்பினர், மாணவ உறுப்பினர், கிளைச் செயலாளர், வரவு செலவை மட்டும் பார்க்கவேண்டிய தணிக்கையாளர் யாரும் இதில் இல்லை. பிளகின் சேர்த்துத்தான் அவர்களைக் கொண்டுவர வேண்டும். ட்ரூபலில் பொறுப்புகளை நாமே உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் என்னென்ன உரிமை என்று கட்டம் கட்டமாகக் குறிக்கலாம். ஜூம்லாவும் 2011-இல் வந்த 1.6 பதிப்பிலிருந்து இப்படிப்பட்ட அடுக்கு உரிமைகளைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. கிளைகள் பல கொண்ட அமைப்பு, ஒவ்வொரு கிளைச் செயலாளரும் தன் கிளை உறுப்பினர்களை மட்டும் பார்க்க வேண்டும் என்றால், தேர்வு இந்த இடத்திலேயே பாதி முடிந்துவிடும்.

ஒரு பொத்தல் பல தளங்களில் அடைக்கப்படாமலே கிடக்கிறது. உறுப்பினர் பக்கத்தைப் பிளகின் பூட்டிவிடும். அந்தப் பக்கத்தில் இணைத்த பி.டி.எஃப் கோப்பைப் பூட்டாது. காரணம் எளிது. பக்கத்தைக் கேட்டால் பி.எச்.பி நிரல் ஓடி, வந்தவர் யார் என்று சரிபார்க்கிறது. வேர்ட்பிரஸில் ஏற்றிய கோப்புகளோ அப்லோட்ஸ் என்ற திறந்த அடைவில் இருக்கின்றன. அவற்றின் முகவரியை நேராகக் கேட்டால், நிரலை எழுப்பாமலே சர்வர் எடுத்துக் கொடுத்துவிடும். ஒரே ஓர் உறுப்பினர் அந்த முகவரியை வாட்ஸாப்பில் அனுப்பினால் போதும், சங்கத்தின் ஆண்டுமலர் ஊர் முழுக்கப் போகும். ஆண்டுமலர் போனால் பரவாயில்லை. உறுப்பினர் முகவரிப் பட்டியல் போனால்? ட்ரூபலில் கோப்புகளைத் தனிப்பட்டவையாக வைக்கும் வசதி மென்பொருளின் மையத்திலேயே உண்டு. அப்படி வைத்த கோப்புக்கும் உரிமை பார்க்கப்படும். வேர்ட்பிரஸில் இதற்கென்று தனி ஏற்பாடு செய்ய வேண்டும். செய்யப்பட்டிருக்கிறதா என்று சோதிக்க நிபுணர் தேவையில்லை. கோப்பின் முகவரியை நகலெடுங்கள், லாகின் செய்யாத வேறொரு கைபேசியில் இடுங்கள். கோப்பு திறந்தால் அது பூட்டப்படவில்லை.

இனிப் பதிவேடு. என் பார்வையில் முழுத் தேர்வும் இதில்தான் நிற்கிறது.

பெரும்பாலான சி.எம்.எஸ்-களுக்குத் தெரிந்தது பயனர் கணக்கு. ஒரு மின்னஞ்சல், ஒரு கடவுச்சொல், ஒரு பெயர். சங்கத்துக்குத் தெரிந்தது உறுப்பினர். இரண்டும் வேறு. எழுபத்தைந்து வயது ஆயுள் உறுப்பினருக்கு மின்னஞ்சல் இல்லை, ஆனால் வாக்குண்டு. கணவனும் மனைவியும் தனித்தனி உறுப்பினர்கள், மின்னஞ்சல் ஒன்றுதான். பயனர் கணக்குகளோ ஒரு மின்னஞ்சலுக்கு ஒன்றுதான் என்று பிடிவாதம் செய்யும். காலமான உறுப்பினரின் கணக்கை மூடலாம், பதிவை அழிக்கக் கூடாது. அவர் கொடுத்த நன்கொடை கணக்கில் இருக்கிறது, அவர் வாக்களித்த தேர்தல் ஆவணத்தில் இருக்கிறது. மின்னஞ்சலையே உறுப்பினராகக் கருதும் மென்பொருளில் இவர்களை ஏற்ற, இல்லாத மின்னஞ்சல்களை இட்டுக்கட்ட வேண்டிவரும். பதிவேட்டில் பொய் நுழைவது அப்போதுதான்.

காலமும் பதிவேட்டின் ஒரு பகுதி. மலிவான பிளகின்கள் சில, உறுப்பினரின் இப்போதைய நிலையை மட்டும் வைத்திருக்கும்: இருக்கிறார், இல்லை. சந்தா புதுப்பித்ததும் பழைய தேதி மேலெழுதப்படும். இரண்டு ஆண்டு கழித்து, குறிப்பிட்ட ஒரு பொதுக்குழு நாளில் இவர் உறுப்பினராக இருந்தாரா என்று ஒருவர் வழக்காடினால் தளத்திடம் விடை இருக்காது. நல்ல ஏற்பாட்டில் ஒவ்வொரு சந்தாவும் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, தொகை, ரசீது எண்ணோடு தனிப் பதிவாக நிற்கும். நிலை அவற்றிலிருந்து கணக்கிடப்படும். ஐ.பி.எம் ஆய்வாளர் எட்கர் காட் 1970-இல் தொடர்புத் தரவுத்தளத்துக்கு அடித்தளமிட்ட கட்டுரையை வெளியிட்டதிலிருந்து, விவரங்களைத் தனித்தனி அட்டவணைகளாக வைத்துத் தேவைப்படும்போது இணைத்துப் பார்க்கும் முறை கணினித் துறைக்குப் பழகிப்போனது. உறுப்பினர் ஓர் அட்டவணை, சந்தா இன்னோர் அட்டவணை. இதை மதிக்கும் மென்பொருள் எது, ஒரே வரியில் எல்லாவற்றையும் திணிக்கும் மென்பொருள் எது என்பதைச் சோதனைத் தளத்தில் ஒரு மணி நேரத்தில் கண்டுகொள்ளலாம்.

இந்த வேலைக்கென்றே பிறந்தது சிவிசி.ஆர்.எம். 2005 முதல் வளர்ந்துவரும் கட்டற்ற மென்பொருள்; இலாப நோக்கமற்ற அமைப்புகளுக்காகவே எழுதப்பட்டது. ட்ரூபல், வேர்ட்பிரஸ், ஜூம்லா மூன்றின் உள்ளேயும் இதை நிறுவலாம். மனிதரை ஒரு பதிவாகவும் அவருடைய லாகின் கணக்கை வேறொரு பொருளாகவும் இது வைக்கிறது. கணக்கு இல்லாத உறுப்பினர் இதில் இயல்பானவர். புதியவர், நடப்பு உறுப்பினர், சலுகைக் காலத்தில் இருப்பவர், காலாவதியானவர், நிலுவையில் இருப்பவர், நீக்கப்பட்டவர், காலமானவர் என்று நிலைகள் முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்கின்றன. சந்தா முடிந்தும் சில வாரங்கள் உரிமை தொடரும் சலுகைக் காலம் நம் சங்க விதிகளில் சாதாரணம்; அதற்கு இடம் தரும் மென்பொருள்கள் குறைவு. கற்றுக்கொள்ளக் கடினம் என்பதும் உண்மை. திரைகள் நெரிசலானவை, தமிழ்ப் பயனருக்குப் பழக நாள் பிடிக்கும்.

தமிழ் என்று வந்துவிட்டதால் பெயர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்களைக் கட்டாயமாக்கும் படிவம் நம் ஊருக்குப் பொருந்தாது. முன்னெழுத்து எந்தக் கட்டத்தில் போகும்? ஒருவர் முதலிலும் ஒருவர் இறுதியிலும் இடுவார். ஆறு மாதத்தில் தேடல் பயனற்றுப்போகும். பெயர்க் கட்டங்களை மாற்றியமைக்க இடம் தராத மென்பொருளை ஒதுக்கிவிடலாம்.

அகரவரிசை இதைவிட நுட்பமான சிக்கல். யூனிகோடில் தமிழ் எழுத்துகளின் எண்வரிசை நாம் பள்ளியில் படித்த வரிசை இல்லை. ந-வை அடுத்து ன, ர-வை அடுத்து ற, ள-வை அடுத்து ழ என்று அமைந்திருக்கிறது. அந்த எண்களை மட்டும் பார்த்து அடுக்கும் மென்பொருள் அன்புவை அமுதாவுக்கு முன்னும், அறிவை அழகருக்கு முன்னும் வைக்கும். நம் அகராதி வரிசைப்படி இரண்டும் தலைகீழ். புள்ளியின் எண்ணும் உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னே இருப்பதால், அம்மு அமலாவுக்குப் பின்னே போய்விடுவார். வாக்காளர் பட்டியலை இந்த வரிசையில் அச்சிட்டுக் கொடுத்தால் முதியவர்கள் தங்கள் பெயரைக் கண்டுபிடிக்கத் திண்டாடுவார்கள். மொழிக்குரிய வரிசை விதிகளை யூனிகோட் அமைப்பு சி.எல்.டி.ஆர் என்ற தொகுப்பில் வெளியிட்டிருக்கிறது, தமிழுக்கும் உண்டு. மென்பொருள் அதைப் பயன்படுத்துகிறதா என்று கேளுங்கள்.

பொன்னி என்ற பெயரில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. அதன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். யூனிகோட் விதிப்படியும் இரண்டும் சமம். ஆனால் உள்ளே வாங்கும்போதே ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் வேலையை மென்பொருள் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் பொன்னியைத் தேடினால் பொன்னி கிடைக்க மாட்டார், அவருக்கு இரண்டாவது பதிவு உருவாகும். பழைய தட்டச்சுக் கோப்புகளிலிருந்து மாற்றிய பட்டியலை ஏற்றும் சங்கங்கள் இதைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். நினைவூட்டலைத் தமிழ்க் குறுஞ்செய்தியாக அனுப்ப நினைப்பவர்களும் ஒன்றைக் கணக்கில் வைக்க வேண்டும்: ஆங்கிலத்தில் 160 எழுத்து கொள்ளும் செய்தியில் தமிழுக்கு 70 குறியீடுதான் இடம், கொம்பும் காலும் புள்ளியும் அதில் சேர்த்தி.

பணம் வசூலிப்பதில் இந்திய விதிகள் தேர்வைப் பெரிதும் குறுக்குகின்றன. வெளிநாட்டு வழிகாட்டிகள் தானாகப் புதுப்பிக்கும் சந்தாவைத்தான் முதலில் பாராட்டும். அட்டை எண்ணை ஒருமுறை கொடுத்தால் ஆண்டுதோறும் பணம் எடுத்துக்கொள்ளும். இங்கே 2021 அக்டோபர் 1 முதல், அப்படித் தானாக எடுக்கும் ஒவ்வொரு பிடித்தத்துக்கும் 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் போயாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 2022 ஜூன் முதல் பொதுவாக 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட பிடித்தங்களுக்கு ஒவ்வொரு முறையும் கூடுதல் சரிபார்ப்பு வேண்டும். 2022 அக்டோபர் முதல் அட்டை எண்ணை வணிகரின் தளம் சேமித்து வைக்கவும் கூடாது. யு.பி.ஐ வழியில் 2020 முதல் ஆட்டோபே வசதி இருக்கிறது. இந்த விதிகளுக்கு உட்பட்டு இயங்கும் இந்தியப் பணப்பரிமாற்றச் சேவையோடு இணையக்கூடிய மென்பொருளாக இல்லாவிட்டால், அதன் மற்ற சிறப்புகளால் பயனில்லை. பதிப்பாளர்களுக்காகவே எழுதப்பட்ட கோஸ்ட் மென்பொருளில் 2019-இலிருந்து உறுப்பினர் வசதி உள்ளேயே இருக்கிறது. தெளிவான, அழகான மென்பொருள். ஆனால் அதன் கட்டண ஏற்பாடு ஸ்ட்ரைப் என்ற சேவையை நம்பியது. ஸ்ட்ரைப்போ 2024 முதல் இந்தியாவில் அழைப்பு பெற்றவர்களுக்கு மட்டுமே புதுக் கணக்குத் தருகிறது.

பணம் கட்டியும் உறுப்பினராகவில்லை என்ற புகார் எப்படி வருகிறது என்பதையும் புரிந்துகொள்வது நல்லது. உறுப்பினர் பணம் கட்டியதும் பணப்பரிமாற்றச் சேவை தன் சர்வரிலிருந்து நம் சர்வருக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பும். வெப்ஹுக் என்று அதற்குப் பெயர். நம் சர்வர் அப்போது தூங்கிக்கொண்டிருந்தால் மறுபடி அனுப்பும். ஆகவே ஒரே செய்தி இரண்டு முறையும் வரலாம், முன்பின்னாகவும் வரலாம். பரிமாற்ற எண்ணைப் பார்த்து, இது ஏற்கெனவே வரவு வைத்தது என்று அறிந்துகொள்ளும் மென்பொருள் ஒரே ரசீது போடும். அறியாத மென்பொருள் இரண்டு ஆண்டு உறுப்பினராக்கிவிடும். உறுப்பினர் தன் உலாவியை மூடிவிட்டாலும் வரவு பதிவாகிறதா என்று சோதனைப் பரிமாற்றத்தில் பார்த்துவிட வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது 2014 அக்டோபர் 15-ஐ நினைவுகூராமல் இருக்க முடியாது. ட்ரூபல் 7-இல் இருந்த பெரிய ஓட்டை ஒன்றையும் அதற்கான திருத்தத்தையும் அன்று அறிவித்தார்கள். கடவுச்சொல் எதுவும் இல்லாமல் தரவுத்தளத்துக்குள் நுழைய வழி தந்த ஓட்டை அது. இரண்டு வாரம் கழித்து ட்ரூபல் பாதுகாப்புக் குழு வெளியிட்ட எச்சரிக்கை இன்னும் கடுமையானது: அறிவிப்பு வந்த 7 மணி நேரத்துக்குள் திருத்தத்தைப் போடாத தளங்கள் எல்லாம் ஊடுருவப்பட்டுவிட்டதாகவே கொள்ள வேண்டும். உலகின் மிகக் கவனமான குழுக்களில் ஒன்று பராமரிக்கும் மென்பொருளுக்கே இந்த நிலை. வேலை முடித்து மாலையில் வந்து பார்க்கும் தன்னார்வலருக்கு 7 மணி நேரம் போதாது. வேர்ட்பிரஸ் 2013-இல் வந்த 3.7 பதிப்பிலிருந்து சிறிய பாதுகாப்புத் திருத்தங்களைத் தானே போட்டுக்கொள்கிறது. ஆளில்லாத சங்கத்துக்கு இது பேருதவி. அதன் பலவீனம் பிளகின்களில் இருக்கிறது. ஒவ்வொரு பிளகினும் வேறொருவர் எழுதிய நிரல், பதிவேட்டைத் தொடும் அதிகாரத்தோடு உள்ளே உட்காருகிறது. எழுதியவர் கைவிட்டுவிட்டால் ஓட்டையை அடைக்க ஆளில்லை. ஆகவே பிளகின்களின் எண்ணிக்கை குறையக் குறைய நல்லது.

கடவுச்சொல்லைத் தளம் எப்படி வைத்திருக்கிறது என்பதும் தேர்வில் வர வேண்டும். கடவுச்சொல்லை அப்படியே சேமிக்காமல், திரும்பப் பெற முடியாதபடி குலைத்து, ஒவ்வொருவருக்கும் வேறு வேறு உப்பு (தற்போக்கான சில எழுத்துகள்) சேர்த்து வைக்க வேண்டும் என்று ராபர்ட் மோரிஸ், கென் தாம்சன் இருவரும் 1979-லேயே எழுதிவிட்டார்கள். ஆனாலும் 2012-இல் லிங்க்ட்இன் தளத்திலிருந்து வெளியான 65 லட்சம் பதிவுகளில் உப்பு இல்லை, விரைவாகவே உடைக்கப்பட்டன. உடைப்பவருக்கு வேண்டுமென்றே நேரம் பிடிக்கச் செய்யும் பி.கிரிப்ட் முறை 1999-இல் வந்தது. வேர்ட்பிரஸ் தன் கடவுச்சொற்களை அந்த முறைக்கு மாற்றியது 2025 ஏப்ரலில் வந்த 6.8 பதிப்பில்தான். பழைய பதிப்பில் ஓடும் தளம் உங்களுடையது என்றால் மாற்றிக்கொள்ள இது போதுமான காரணம். கடவுச்சொல்லை மறந்த உறுப்பினருக்குப் பழைய கடவுச்சொல்லையே மின்னஞ்சலில் அனுப்பும் மென்பொருளைக் கண்டால் அன்றே விலகிவிடுங்கள். அது குலைக்காமல் வைத்திருக்கிறது.

2023-இல் இயற்றப்பட்ட எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சங்கங்களுக்கும் பொருந்தும். உறுப்பினரின் ஒப்புதல், விவரத்தைத் திருத்தவும் நீக்கவும் கேட்கும் உரிமை, கசிவு நேர்ந்தால் அறிவிக்கும் கடமை ஆகியவை அதில் உள்ளன. போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் தண்டத்தொகை 250 கோடி ரூபாய் வரை போகலாம். பிறந்த நாள், ரத்த வகை, ஆதார் எண் என்று எதையும் கேட்டு வாங்கிச் சேர்த்துவைக்கும் பழக்கத்தை இனி விட வேண்டும். படிவத்தில் இல்லாத விவரம் கசியாது.

மாறும் செலவையும் முன்பே எண்ண வேண்டும். ட்ரூபல் 7-லிருந்து 2015 நவம்பரில் வந்த ட்ரூபல் 8-க்குப் போவது தளத்தைப் புதிதாகக் கட்டுவதற்கு ஒப்பான வேலையாக இருந்தது. பலர் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்கள். 2025 ஜனவரி 5 அன்று ட்ரூபல் 7-க்கான அதிகாரபூர்வ ஆதரவு நின்றது. மாதக் கட்டணத்தில் எல்லாம் செய்து தரும் வாடகைச் சேவைகளிலும் இதே கேள்வி வேறு வடிவில் வரும். நிறுவனம் விலையை உயர்த்தினாலோ மூடினாலோ பதிவேட்டை முழுதாக எடுத்துக்கொண்டு வெளியேற முடியுமா? பெயர்ப் பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டு வருவது போதாது. சந்தா வரலாறும் ரசீதுகளும் யாருக்கும் புரியும் கோப்பாக வர வேண்டும்.

இத்தனையையும் வைத்துப் பார்த்தால் என் முடிவு இது. சில நூறு உறுப்பினர்கள், ஒரே வகைச் சந்தா, கணினி தெரிந்த ஓரிரு தன்னார்வலர்கள் என்றால் வேர்ட்பிரஸும் நன்கு பராமரிக்கப்படும் ஒரே ஓர் உறுப்பினர் பிளகினும் போதும். கோப்புகளைப் பூட்டும் ஏற்பாட்டை மட்டும் விடக் கூடாது. ஆயுள், ஆண்டு, மாணவர் என்று வகைகள், கிளைகள், தேர்தல், நன்கொடை ரசீது என்று விரிந்த சங்கத்துக்கு சிவிசி.ஆர்.எம்-ஐ மையமாக வைத்து, பக்கங்களுக்கு வேர்ட்பிரஸ் போதும். உரிமைகள் நுட்பமாகப் பிரிய வேண்டும், ஆண்டு முழுக்கப் பராமரிக்கச் சம்பளத்துக்கு ஆள் உண்டு என்றால் ட்ரூபல். பராமரிக்க யாருமே இல்லாத சங்கம் சொந்தமாக நிறுவவே வேண்டாம். பதிவேட்டை முழுதாகத் திருப்பித் தரும் வாடகைச் சேவையே அதற்குப் பாதுகாப்பு.

முடிவெடுக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பதிவேட்டிலிருந்து சிக்கலான பத்துப் பேரைத் தேர்ந்தெடுங்கள்: மின்னஞ்சல் இல்லாத ஆயுள் உறுப்பினர், ஒரே கைபேசி வைத்திருக்கும் தம்பதியர், விலகி மீண்டும் சேர்ந்தவர், மாணவராக இருந்து முழு உறுப்பினர் ஆனவர், தவணையில் பணம் கட்டியவர், காலமானவர், இரண்டு முன்னெழுத்து உள்ளவர், பெயரில் ஒகரம் உள்ளவர் என்று. பெயரையும் எண்களையும் மாற்றிக்கொண்டு, வாங்க நினைக்கும் மென்பொருளின் சோதனைத் தளத்தில் அவர்களை ஏற்றித் தரச் சொல்லுங்கள். பிறகு கடந்த ஆண்டின் ஒரு தேதியைக் கொடுத்து, அன்று வாக்குரிமை உள்ளவர்களின் பட்டியலை அகரவரிசையில் கேளுங்கள். பட்டியல் சரியாக வந்தால் நிறத்தையும் படத்தையும் பற்றிப் பேசலாம். வராவிட்டால், முகப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த மென்பொருளுக்குச் சங்கத்தின் பணத்தைக் கொடுக்காதீர்கள்.